வெடியை எடுத்துவிட்டால் 'பேப்பர் பிளேன்ஸ்' இல்லை

இலங்கைத் தமிழ்ப் பெண் மாதங்கி, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடிய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு 2007இல் 'கலா' ஆல்பத்தில் வந்தது. அம்மாவின் பெயரை வைத்த ஆல்பம் அது. அதற்கு முந்தியது 'அருளர்', அப்பாவின் பெயர். இத்தனை வருடம் கழித்து இதற்கென்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். லண்டனில் பெற்றோல் ஷெட்டில் இரவு டில்லில் (காசு வாங்குகிற மெஷினில்) நிற்கிற என்னைப் போன்ற ஒருவன் இதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கிட்டார், த கிளாஷ் என்ற ராக் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டான 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'லில் இருந்து எடுத்தது. அந்தப் பாட்டிலும் பிழைக்க வந்தவர்கள்தான் வருகிறார்கள். இசைத் தயாரிப்பாளர் டிப்லோ அதில் ஒரு துண்டை வெட்டித் தாலாட்டுப் போலச் சுழலவிட்டிருக்கிறார். அதன்மேல் மாதங்கி கொஞ்சமும் அவசரப்படாமல், சூயிங்கம் மென்றபடி கதைப்பதுபோல் பாடுகிறார். என்ன பாடுகிறார்? எல்லையில் பிடித்தாலும் என் பெயரில் விசா இருக்கிறது, நாள் முழுக்க அதைத்தான் அச்சடிக்கிறேன், கொஞ்சம் நின்றால் உனக்கும் ஒன்று செய்து தருகிறேன் என்று!

வந்தவர்களைப் பார்த்து இந்த ஊர்க்காரர் என்னவெல்லாம் பயப்படுகிறார்களோ, அதற்கெல்லாம் "ஓமோம், அப்படியே வைத்துக்கொள்" என்று சிரிக்கிற பாட்டு இது. நாங்கள் நல்ல பிள்ளைகள், ஒழுங்காக வரி கட்டுகிறோம் என்று கெஞ்சவே இல்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான். 1986இல் அகதியாக லண்டன் வந்து மிட்சம் பக்கம் வளர்ந்தவர் அவர். 'கலா' செய்கிற நேரத்தில் அமெரிக்க விசா இழுபறியில் கிடந்ததால் சென்னை, டிரினிடாட் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். விசாவை வைத்துப் பகிடி விட அவருக்கு இல்லாத உரிமையா?

அப்புறம் அந்தக் கோரஸ். பிள்ளைகள் கூட்டமாகப் பாட, துப்பாக்கி வெடிக்கிறது, அதைத் திரும்ப லோட் பண்ணுகிற சத்தம், உடனே காசுப்பெட்டி 'கிளிங்' என்று திறக்கிறது. எங்கட டில் அப்படி அடிக்காது. ஒரு 'பீப்', பிறகு லாச்சி வயிற்றில் வந்து இடிக்கும். ஆனாலும் இரவு கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் தட்டு வழியாகக் காசு வாங்கும்போது எனக்கு அந்தக் 'கிளிங்' கேட்கும். இருபது பவுண்டு நோட்டை லைட்டுக்கு நேரே பிடித்துச் சரிபார்ப்பேன். என்னுடைய பாஸ்போர்ட்டையும் ஓர் அதிகாரி இப்படித்தான் பிடித்துப் பார்த்தார். இப்போது மற்றவர்களைச் சந்தேகப்பட எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் 'நான் பெரிய ஆள்' என்கிற வழக்கமான ராப் வீறாப்புக்குப் போய்விடுகிறது. கடைசியில் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி இழுக்கிற இடமும் எனக்கு ஒட்டவில்லை.

வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். வெடிச்சத்தத்தை மழுப்பிய வடிவமும் சுற்றுகிறது. எம்டிவி சானல் அப்படித்தான் போட்டது, மாதங்கிக்குக் கோபம் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் டிஜே அந்த வடிவத்தைப் போட்டார். விரலைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு நின்ற பெடியள் சத்தம் வராமல் முழித்தார்கள். பக்கத்தில் இருந்த அன்ரி "இது எங்கட பிள்ளை பாடினதோ? தேவாரம் மாதிரிக் கிடக்கு" என்றார். வெடியை எடுத்தால் தாலாட்டு மட்டும்தான் மிஞ்சும், அன்ரியில் பிழையில்லை.

இந்தப் பாட்டு 2008இல் அமெரிக்க பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம்வரை போனது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் வந்தது. அதனால் இது ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். ஆல்பத்தையே வாங்குங்கள். அதிலுள்ள 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் உறுமி அடிக்கிற அடிக்குக் கார் ஸ்பீக்கர் தாங்காது. என் கணக்கில் 'பேப்பர் பிளேன்ஸ்' அதற்கு அடுத்த இடம்தான்.