கர்னல் மெக்கன்சியின் குடும்பத்தைத் தேட ஃபிபிஸ் எவ்வளவு உதவும்?

பாளையப்பட்டு வரலாற்றில் ஈடுபாடு உள்ள மதுரை வட்டாரத்து வாசகர்களுக்குக் கர்னல் காலின் மெக்கன்சியின் பெயர் புதிதல்ல. நம் பாளையக்காரர்களின் வம்சாவளிகள், ஊர் வரலாற்றை எழுதி வாங்கிய கைபீதுகள், கல்வெட்டுப் படிகள் என்று அவர் ஆட்களை அனுப்பித் திரட்டியவற்றில் பெரும்பகுதி இன்றும் சென்னையிலும் லண்டனிலும் இருக்கின்றன. கல்வெட்டுப் படிகள் மட்டும் 8,076, நாணயங்கள் 6,218 என்பது அந்தத் தொகுப்பைப் பற்றிய பழைய கணக்கு. ஊராரின் வம்சாவளிகளை எழுதி வாங்கிய அந்தப் பட்டாள அதிகாரியின் சொந்தக் குடும்பம் எது, அவருக்கு மதுரையோடு இருந்ததாகச் சொல்லப்படும் தொடர்பு ஆவணத்தில் எந்த அளவுக்கு நிற்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு, ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி என்னும் சங்கம் நடத்தும் இலவசத் தேடல் சேவை. சுருக்கமாக அதை ஃபிபிஸ் என்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வழிகாட்டி என்ற அளவில் இதற்கு இணையான இலவசச் சேவை எனக்குத் தெரிந்து வேறில்லை, ஆனால் இதில் கிடைக்கும் ஒரு வரியையே ஆதாரமாக வைத்துக் குடும்ப வரலாறு எழுதுவது தவறு.

1998-இல் பிரிட்டனில் தொடங்கிய இந்தச் சங்கம் தன்னார்வலர்களால் நடப்பது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலும் அதன் பின்னும் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களைப் பற்றிய பதிவேடுகளையும் பட்டியல்களையும் அவர்கள் வரி வரியாகப் படியெடுத்துத் தேடுவதற்கு ஏற்ற அட்டவணையாக்கி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயர் வரும் பதிவுகள் எந்த வகைப் பட்டியலில் உள்ளன என்று பிரித்துக் காட்டும். அதில் ஒன்றைத் திறந்தால் பெயர், தேதி, இடம் ஆகியவற்றோடு மூல ஆவணத்தின் தொடர் எண், தொகுதி, பக்கம் ஆகியவையும் வரும். இந்தக் கடைசி மூன்றுதான் சேவையின் உயிர். பெயரையும் தேதியையும் யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுவிடலாம். தொகுதியும் பக்கமும் இருந்தால்தான் மற்றவர் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடியும்.

இந்த அட்டவணைகளுக்கு அடியில் கிடக்கும் ஆவணங்கள் எப்படி உருவாயின என்பதைத் தெரிந்துகொண்டு தேடினால் பாதி ஏமாற்றம் குறையும். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் பாதிரியார்கள் செய்துவைத்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் வங்காளத்துக்கு என்/1, சென்னைக்கு என்/2, பம்பாய்க்கு என்/3 என்ற வரிசையில் இருக்கின்றன. சென்னை வரிசை 1698-இல் தொடங்குகிறது. அதாவது நாம் திரையில் பார்ப்பது தேவாலயப் பதிவேட்டின் பிரதியிலிருந்து இக்காலத்துத் தன்னார்வலர் எடுத்த படி. மூன்று கைகள் மாறிய எழுத்து அது. பிழை புகுவதற்கு எங்கெல்லாம் இடமிருக்கிறது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

மெக்கன்சியை வைத்து இந்தச் சேவையைச் சோதிப்பது நல்ல சோதனை, ஏனென்றால் அவருடைய வாழ்க்கை ஒரே மாகாணத்துக்குள் அடங்கவில்லை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். 1783-இல் சென்னை வந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பொறியாளராக இருந்தார். அதன்பின் மைசூர் நிலஅளவை. 1811-இல் ஜாவா படையெடுப்பு. 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். 1817-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து 1821 மே 8-இல் அங்கே இறந்தார். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர்தானே என்று என்/2 வரிசையை மட்டும் துழாவுகிறவருக்கு அவருடைய அடக்கப் பதிவு கிடைக்கவே கிடைக்காது. அது வங்காள வரிசைக்கு உரியது. ஃபிபிஸில் மாகாணத்தைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் கொடுத்துத் தேடும்போது இந்தத் தவறு நேர்வதில்லை. உயில்களுக்கும் இதே கதைதான். கம்பெனியின் கணக்காளர் துறை ஆவணங்களில் எல்/ஏஜி/34/29 என்ற வரிசையில் உயில்களும், எல்/ஏஜி/34/27 என்ற வரிசையில் இறந்தவரின் உடைமைப் பட்டியல்களும் உள்ளன. குடும்பம் தேடுகிறவருக்கு ஞானஸ்நானப் பதிவைவிட உயில்தான் பெரிய புதையல் என்பது என் எண்ணம். உடன்பிறந்தாள், மனைவி, வேலையாள், கடன்காரர் என்று அத்தனை உறவும் அங்கேதான் ஒரே தாளில் வரிசையாக நிற்கும்.

பிறப்பைத் தேடும்போது சேவையின் எல்லை தெரிந்துவிடுகிறது, அது சேவையின் குற்றமும் அல்ல. கம்பெனிப் படையில் சேர வந்த இளைஞர்கள் ஞானஸ்நானச் சான்றிதழோடு விண்ணப்பித்த தாள்கள் எல்/மில்/9 வரிசையில் 1789 முதல்தான் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. மெக்கன்சி வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் முந்தி. லூயிஸ் தீவின் தேவாலயப் பதிவேடுகளும் காலத்தால் பிந்தியவை. அவர் பிறந்த ஆண்டை 1753 என்று சிலரும் 1754 என்று சிலரும் எழுதுவதற்குக் காரணம் இதுதான். தந்தை முர்டோக் மெக்கன்சி அந்த ஊரின் தபால் அதிகாரியாக இருந்தவர், மேரி என்றொரு சகோதரி இருந்தார் என்பவை வேறு வழிகளில் தெரிந்த செய்திகள். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்நாட்டு அரசே நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் சேவைக்குப் போக வேண்டும். அங்கே அட்டவணையைத் தேடக் கட்டணமில்லை, பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் பவுண்டில் பணம் கட்ட வேண்டும். நம் வங்கி அட்டைகள் 2020 முதல் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து கொடுக்கப்படுகின்றன என்பதால், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட்டுத்தான் பணம் கட்ட முடியும். என் வங்கிக் கிளையில் விசாரித்தபோது இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அலைந்து திரிந்த பிறகுதான் தெரிந்தது.

இனி மதுரைக்கு வருகிறேன். மெக்கன்சி மதுரைக்கு வந்ததாகச் சொல்லப்படும் செய்தி ஒரு குடும்பத் தொடர்பின் மேல் நிற்கிறது. மடக்கை கண்ட ஜான் நேப்பியரின் வழிவந்த ஐந்தாம் நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத எண்ணி, இந்தியர்களின் கணித அறிவைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் வேலையில் இளைஞர் மெக்கன்சியை ஈடுபடுத்தியிருந்தார். அந்தப் பிரபுவின் மகள் ஹெஸ்டர், கம்பெனி அதிகாரி சாமுவேல் ஜான்ஸ்டனை மணந்து மதுரையில் வாழ்ந்தார். இந்தியா வந்து சேர்ந்த மெக்கன்சியை மதுரைக்கு அழைத்து இங்கிருந்த பண்டிதர்களோடு பழகவைத்தவர் அவரே, மெக்கன்சியின் வாழ்நாள் தேடல் அங்கேதான் வேர்விட்டது என்பது செய்தி. இதைச் சொன்னவர் அந்தத் தம்பதியின் மகன் சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன். இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1823-இல் ராயல் ஆசியச் சங்கம் அமைக்கப்பட்டபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1832-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் இதைச் சாட்சியமாகக் கூறினார்.

நம் ஊருக்குப் பெருமை தரும் செய்தி என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள மனம் விரும்புகிறது. ஆனால் அலெக்சாண்டர் 1775-இல் பிறந்தவர். மெக்கன்சி சென்னையில் இறங்கியபோது அவருக்கு எட்டு வயது. சாட்சியம் சொன்னது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. மெக்கன்சியோ 1817-இல் அதே ஜான்ஸ்டனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இந்தியா வந்த முதல் பதின்மூன்று ஆண்டுகளும் இத்துறையில் பெரிதாகப் பயன் தரவில்லை என்று வருந்தி, இந்திய அறிவின் வாசலுக்குள் தம்மை அழைத்துச் சென்றவர் தம் உதவியாளர் காவலி வேங்கட போரையா என்றே குறிப்பிடுகிறார். இரண்டையும் எடை போட வேண்டுமானால் ஜான்ஸ்டன் குடும்பம் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தது என்பதாவது திட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு, ஒரு அடக்கப் பதிவு, ஒரு நியமனக் குறிப்பு ஆகியவையே அதற்குப் பற்றுக்கோடு. அந்தக் காலத்தில் மதுரையில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பத்தின் பதிவு திருச்சியிலோ சென்னையிலோ எழுதப்பட்டிருக்கலாம் என்பதை மறக்காமல், ஊர்ப்பெயரைக் கொடுக்காமல் தேடுவது நல்லது.

இந்த இடத்தில் பெயரின் எழுத்து பெரிய சோதனை. ஜான்ஸ்டன் என்ற பெயரின் இறுதியில் ஒரு எழுத்து கூடினாலும் நடுவில் ஒரு எழுத்து குறைந்தாலும் அட்டவணையில் வேறு குடும்பமாகிவிடும். எழுதிய பாதிரியாரோ படியெடுத்த எழுத்தரோ அதைப் பொருட்படுத்தியதில்லை. மெக்கன்சி இன்னும் சிரமம். பழைய கையெழுத்தில் முதல் அசையைப் பெரிய எம் எழுதி, அதன் தோளில் சின்னதாக ஒரு சி-யை ஏற்றி, கீழே ஒரு கோடோ இரண்டு புள்ளிகளோ போட்டு முடித்துவிடுவார்கள். படியெடுத்தவர் ஒருவர் அதை விரித்து எழுதியிருப்பார், இன்னொருவர் இரண்டே எழுத்தில் சுருக்கியிருப்பார், மூன்றாமவர் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருப்பார். எல்லா வடிவத்தையும் தனித்தனியாகக் கொடுத்துத் தேடிய பிறகுதான் இல்லை என்று சொல்ல வேண்டும். கம்பெனிப் பட்டாளத்தில் காலின் மெக்கன்சி என்ற பெயரில் ஒருவர் மட்டுமே இருந்திருப்பார் என்று எண்ணுவதும் ஆபத்து. பதவி, படைப்பிரிவு, ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் ஒழிய ஒரு பதிவை அவருடையதாகக் கொள்ளக் கூடாது.

மனைவியின் பக்கம் ஃபிபிஸ் அதிகம் துணை நிற்காது. பெட்ரோனெல்லா யாகோமினா பார்ட்டெல்ஸ் என்ற அந்தப் பெண் இலங்கையில் பிறந்த டச்சுக் குடும்பத்தவர். திருமணம் 1812-இல் ஜாவாவில் நடந்தது. மூன்று மாகாணங்களின் பதிவேடுகளை நம்பி இருக்கிறவர்களுக்கு இந்தக் கிளை அப்படியே அறுந்துபோகும்.

எனக்கு உள்ள பெரிய குறை வேறு. போரையாவும் அவர் தம்பியர் லட்சுமையா, ராமசாமி ஆகியோரும் இல்லாமல் மெக்கன்சியின் தொகுப்பே இல்லை. தென்னிந்திய மொழிகளைத் தாமே படிக்க முடியாதவர் அவர். 1816-இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில் அவரோடு இந்தியர் மூவர் நிற்கிறார்கள். பதிவேடுகளோ தேவாலயத்தில் எழுதப்பட்டவை. அந்த உதவியாளர்களின் பிறப்பும் திருமணமும் அங்கே ஏறவில்லை. அட்டவணை எடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆனால் பட்டாளத்துக் குடும்பங்களைத் தேடும் கருவி நம் குடும்பங்களையும் காட்டும் என்ற எதிர்பார்ப்போடு வருகிற மதுரைக்காரருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் தேட வேண்டிய இடம் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும். பழைய மதுரை மாவட்டப் பதிவுகள் காப்பகத்தில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. நிலையத்துக்குப் பக்கத்திலேயே கட்டடம் என்பதால் மதுரையிலிருந்து ரயிலில் போகிறவர்களுக்கு அலைச்சல் இல்லை.

பணம் கொடுத்து ஆள் வைத்துத் தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடும்ப மரம் வரைந்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் நான் பணம் கட்டினேன். வந்தது அழகாக அச்சிட்ட தாள். அதில் இருந்த வரிகள் அத்தனையும் இலவச அட்டவணையில் கிடைப்பவை, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மட்டும் நீக்கப்பட்டிருந்தன. ஆகவே யாரிடம் பணம் கொடுத்தாலும் மூலப் பக்கத்தின் படம் தருவீர்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படங்களை நாமே பார்க்கவும் வழி உண்டு: பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவேடுகளில் பெரும்பகுதியை ஃபைண்ட்மைபாஸ்ட் நிறுவனம் 2014-இல் சந்தாதாரர்களுக்கு வெளியிட்டது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டு அதன் பட்டியல்கள் நெடுநாள் முடங்கிக் கிடந்தபோது, தொடர் எண்களைத் தனியே குறித்து வைத்திருந்தவர்கள்தான் வேலையைத் தொடர முடிந்தது. ஃபிபிஸ் தரும் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும், ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும், திண்டுக்கல், மதுரைக் கல்லறைகளில் உள்ள பெயர்களுக்கு உரியவர்களைத் தேடுகிறவர்களுக்கும் ஃபிபிஸைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மெக்கன்சியின் வழியில் போகிறவர்கள் பார்ட்டெல்ஸ் குடும்பத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும்: உல்ஃபெண்டால் டச்சுத் தேவாலயத்தின் பதிவேடுகளும், இலங்கையின் டச்சு வம்சாவளியினருக்காக 1908-இல் அமைந்த டச்சு பர்கர் யூனியன் என்னும் சங்கம் தன் இதழில் வெளியிட்ட குடும்பக் கொடிவழிகளும் அங்கே முதலில் பார்க்க வேண்டியவை.