நாலு குளிர்காலம் பார்த்த ரிமோட் ஸ்டார்ட்டர்

2021 அக்டோபரில் என் பிக்கப் டிரக்குக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் போட்டேன். குளிர்காலக் காலையில் வண்டி சூடேறட்டும் என்று, வீட்டுக்குள் இருந்தபடியே பட்டனை அமுக்கி இன்ஜினை ஓடவிடும் கருவி அது. பெட்ரோல் வண்டி, வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் ரகம். நாலு குளிர்காலம் ஓடிவிட்டது. போட்ட புதிதில் யாராவது கேட்டிருந்தால் ரிமோட்டின் தூரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். இன்று கேட்டால், ஸ்டியரிங்குக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒயரிங்கைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

வாங்கும்போது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வண்டியோடு வந்த சாவியிலேயே லாக் பட்டனை மூன்று தடவை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும் வகை ஒன்று. தனி ரிமோட்டோடு வருவது இன்னொன்று. கைபேசிச் செயலியில் இயங்குவது மூன்றாவது. முதல் வகையில் கூடுதலாக ரிமோட் சுமக்க வேண்டாம். ஆனால் சாவியின் சிக்னல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான். வீட்டு வாசலில் வண்டி நிற்கிறவர்களுக்கு அதுவே தாராளம். செயலி வகைக்கு தூரமே கணக்கில்லை. அதற்குப் பதில் சந்தா கட்ட வேண்டும், மொபைல் நெட்வொர்க்கை நம்பியிருக்க வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவையை மூடியபோது, அதை நம்பியிருந்த பழைய கருவிகள் மாற்றும்வரை வாயடைத்துப் போயின. பத்து வருஷம் ஓட்டப்போகிற வண்டியில் அப்படிப்பட்ட ஒன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இருவழி ரிமோட்டை எடுத்தேன். நான் அனுப்பும் கட்டளை வண்டிக்குப் போகும். இன்ஜின் உண்மையிலேயே ஓட ஆரம்பித்த பிறகு பதில் திரும்பி வரும், ரிமோட் கையில் அதிரும். ஒருவழி ரிமோட்டில் பட்டனை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் தடையே இல்லாத வெட்டவெளிக்கு. என்னுடையதில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தது. கான்கிரீட் சுவர்களுக்குள் இருந்து அமுக்கும்போது 250 மீட்டர் கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

முதல் தடவை ஒரு கடையில் கொடுத்துப் போட்டேன். அரை நாளில் வேலை முடிந்துவிட்டது, முதல் குளிர்காலம் ஒரு குறையுமில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலை பட்டனை அமுக்கினேன், செல்ஃப் எடுக்கவே இல்லை. பார்க்கிங் லைட் மட்டும் விட்டு விட்டு மின்னி நின்றது. அந்த மின்னலை எண்ணிப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். எதற்கு எத்தனை என்று கையேட்டில் இருக்கும். என் எண்ணிக்கைக்கு எதிரே 'பானெட் திறந்திருக்கிறது' என்று இருந்தது. பானெட் மூடித்தான் இருந்தது.

பானெட்டுக்கு அடியில் விரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் வைப்பார்கள். பானெட் திறந்தால் அது எர்த் ஆகும், அதாவது அதன் ஒயர் வண்டியின் உடம்போடு இணையும்; உடனே கருவி இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மறுக்கும். ஒருவர் இன்ஜின் பெல்ட் பக்கம் கையை விட்டிருக்கும்போது, வீட்டுக்குள் இருந்து இன்னொருவர் பட்டனை அமுக்கிவிடக் கூடாது, அதற்குத்தான் இது. என் வண்டியில் அதை மழைநீர் வடியும் பள்ளத்திலேயே பொருத்தியிருந்தார்கள். சாலையில் தூவும் உப்பு கரைந்து உள்ளே இறங்கி, பானெட் மூடியிருந்தும் எர்த் காட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு வந்தது தொல்லை மட்டும்தான். இதே ஒயர் அறுந்து போயிருந்தால், பானெட் திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே கருவி நினைத்துக்கொள்ளும். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. இந்த சுவிட்சே இல்லாமல் போட்டுக் கொடுக்கிறவர்களும் உண்டு. வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து வைத்து, எட்ட நின்று பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகவே கூடாது.

ஆட்டோ எலக்ட்ரிக் வேலை தெரிந்த நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழ் மூடியையும் கழற்றினோம். இக்னிஷன் ஒயர்களை, கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்களால் இணைத்திருந்தார்கள். ஒரு கிளிப்பைப் பிரித்தபோது உள்ளே இருந்த செம்பு இழைகளில் பாதி அறுந்திருந்தன, மீதி பச்சை பூத்திருந்தது. அந்த ஒயரில் போவது ஹீட்டர் விசிறியின் மின்சாரம். கிளிப்பின் ஓரம் சூட்டில் பழுத்து, நகத்தால் தட்டினால் உதிர்ந்தது. எத்தனை காலை நான் பக்கத்தில் இல்லாமலேயே அது ஓடியிருக்கிறது!

அத்தனையையும் எடுத்துவிட்டு, வண்டி மாடலுக்கென்றே பிளக்கோடு தயாராக வரும் ஒயர்க் கட்டை, பிளக் ஹார்னெஸை, வாங்கினேன். இக்னிஷன் பிளக்கைக் கழற்றி இடையில் செருகினால் போதும், ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. தனியாக இழுக்க வேண்டிய இரண்டு ஒயர்களைச் சால்டர் வைத்துச் சுற்றினோம். "ஒயரோட கலரை நம்பாத, மீட்டரை நம்பு" என்று நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே மாடலில்கூட வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறும். பல்பு வைத்த டெஸ்டர் வேண்டாம், மல்டிமீட்டர்தான் வேண்டும். பல்பு இழுக்கும் மின்சாரம் வண்டியின் கம்ப்யூட்டர் ஒயர்களுக்கு ஆகாது. மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்குடையவை, அந்தப் பக்கம் கையே கொண்டுபோகக் கூடாது.

சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது சாவி உள்ளே இருக்காதே! பழைய வழி, உபரிச் சாவி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பது. திருடனுக்குச் சாவியை எடுத்துக் கொடுத்த மாதிரி. இப்போது வண்டியின் கம்ப்யூட்டரோடு டேட்டா ஒயர் வழியாகப் பேசும் மாட்யூல்கள் வந்துவிட்டன. அதையே கேட்டு வாங்குங்கள்.

கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். கியரில் நிற்கும் வண்டியை எங்கிருந்தோ ஸ்டார்ட் செய்தால் அது முன்னால் பாயும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடும்போதே இறங்கிக் கதவைச் சாத்தினால்தான் அடுத்த ஸ்டார்ட்டுக்குத் தயாராகும் கருவிகள் இருக்கின்றன. அந்த வசதி இல்லாததைத் தொடவே வேண்டாம். டீசல் வண்டி என்றால், ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினைச் சூடாக்கும் க்ளோ பிளக் சூடாகும்வரை காத்திருந்து செல்ஃப் எடுக்கும் அமைப்பு வேண்டும்.

தினசரிப் பழக்கத்துக்கு வருகிறேன். முதலில் 15 நிமிடம் ஓடவிட்டேன், இப்போது 7 நிமிடம்தான். பெரிய இன்ஜின் நின்றபடி ஓடினால் மணிக்கு 2 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். இன்ஜினும் மெதுவாக ஓட்டிப் போகும்போதுதான் சீக்கிரம் சூடேறுகிறது. நின்றே ஓடிக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். கண்ணாடியில் பனி இளகினால் எனக்குப் போதும். அதற்கும் முந்தின இரவு வண்டியை அணைக்கும் முன்பே ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். திருகுக் குமிழ் உள்ள வண்டியில் விட்ட இடத்தில்தான் அது நிற்கும். இதை மறந்து, சில்லென்று காற்று ஊதிக்கொண்டிருந்த வண்டியில் ஏறிய நாட்கள் உண்டு.

ஏறி உட்கார்ந்ததும் சாவியைச் செருகி 'ஆன்' வரை திருப்பி, பிறகுதான் பிரேக்கை மிதிக்க வேண்டும். முதலில் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் அணைந்துவிடும். அதனால் சாவி இல்லாத வேறொருவர் கண்ணாடியை உடைத்து ஏறினாலும் வண்டியை ஓட்டிப்போக முடியாது.

பேட்டரி இறங்குமோ என்று பயந்து அளந்து பார்த்தேன். வண்டி அணைந்திருக்கும்போது மொத்த இழுப்பு 30 மில்லிஆம்பியர்; 50-க்குள் இருந்தால் கவலையில்லை. மூன்று வாரம் நிறுத்திவைத்தும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் சாவியைத் திருகும்போது செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும் சத்தம் காதில் விழும், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்வோம். வீட்டுக்குள் இருந்து ஸ்டார்ட் செய்தால் அது கேட்காது. கடுங்குளிரில் பேட்டரியின் பலம் பாதிக்குக் கீழே போய்விடும். மூன்றாவது வருஷம் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்காமலேயே பேட்டரியைப் புதிதாக மாற்றினேன்.

ஒரு மாலை சட்டைப் பையிலிருந்த ரிமோட் அதிர்ந்தது. குனிந்து எதையோ தூக்கும்போது பட்டன் அமுங்கி, வெளியே வண்டி ஓட ஆரம்பித்திருந்தது. திறந்த வெளியில் நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. மூடிய கராஜாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்திருக்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அன்றே அமைப்பை மாற்றி, இரண்டு தடவை அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகும்படி வைத்தேன். கராஜுக்குள் விடுகிற இரவுகளில் ரிமோட் ஸ்டார்ட்டை முடக்கிவைக்கும் வேலட் மோடில் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். பனி கொட்டிய காலைகளில் புகைக்குழாய் வாய் அடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டனைத் தொடுகிறேன்.

பானெட் சுவிட்சை இப்போது தண்ணீர் எட்டாத மேட்டில், பேட்டரிக்குப் பக்கத்தில் மாற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் கழற்றித் துடைத்து, மின் இணைப்புகளுக்கான கிரீஸைக் கொஞ்சம் தடவி மாட்டுகிறேன். இந்த வருஷமும் தடவியாகிவிட்டது.