செக்யூரிட்டி கிளியரன்ஸ் வக்கீல்: 350 டாலருக்கு ஒரு மணி நேரம்

வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறோம். மகனுக்குப் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலை கிடைத்தது. அதற்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி வேண்டும். அதற்கு நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 23-ஆம் பிரிவில் வந்து நின்றான்: கடந்த 7 வருடத்தில் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா? கல்லூரியில் இரண்டு முறை கஞ்சா மிட்டாய் சாப்பிட்டிருக்கிறான். "வர்ஜீனியாவில் 2021-லேயே சட்டப்படி சரியாகிவிட்டதே அப்பா" என்று 'இல்லை' போட்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வக்கீல் அந்த வரியைப் பேனாவால் சுழித்தார். மாநிலச் சட்டம் இங்கே செல்லாது, கணக்கில் வருவது மத்தியச் சட்டம்தான் என்றார். எப்போதோ பயன்படுத்தியதை மட்டும் வைத்து நிராகரிப்பதில்லை. எவ்வளவு நாளாயிற்று, எத்தனை முறை, இனி தொடமாட்டானா என்று மொத்தமாகப் பார்ப்பார்களாம். இப்போதும் பயன்படுத்துபவருக்குக் கிளியரன்ஸ் கிடையாது. தெரிந்தே பொய் எழுதினால் 5 வருடம் வரை சிறை! அப்புறம், இனி பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் தயாரித்துக் கொடுத்தார்.

நாற்பது நிமிடம் காக்க வைத்தது மட்டும் பிடிக்கவில்லை. மற்றபடி கொடுத்த காசு தகும். பிள்ளை படிவத்தை அனுப்பும் முன்னாலேயே போங்கள்.