யாரோ (Yarrow) மூலிகை: சென்னையில் நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சென்னையில் யாரோ (Yarrow) என்ற மூலிகைக்கு முதல் சிக்கல் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. யுனானி சரக்கில் இதன் பெயர் பிரஞ்சாசிஃப். காஷ்மீர் மலைகளில் விளைவது. யுனானி நூல்களில் மாசிப்பத்திரி வகைக்கும் இதே பெயர் உண்டு என்பதால் சரக்கு மாறிவிடும். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். யாரோவின் இலை இறகைப் போல மிக நுணுக்கமாகப் பிளந்திருக்கும். பூ தட்டைக் கொத்து, மங்கிய வெள்ளை. இலையின் அடிப்புறம் வெளுத்து, பஞ்சு படர்ந்திருந்தால் அது மாசிப்பத்திரி. பாதிக்கு மேல் வெறும் தண்டாக இருந்தால் வேண்டாம். பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். எதைக் கலந்தாலும் தெரியாது.

கஷாயம் என்றதும் வற்றக் காய்ச்சுவதுதான் நம் கைப்பழக்கம். இங்கே அது ஆகாது. வாசனை எண்ணெய் ஆவியோடு போய், கசப்பு மட்டும் மிஞ்சும். ஒன்றரை கிராம் மூலிகையின் மேல் 150 மில்லி கொதித்த தண்ணீரை ஊற்றி, தட்டு போட்டு மூடி, 10 நிமிடத்தில் வடிகட்டுங்கள். மூடியில் கோர்த்த நீரையும் தம்ளரிலேயே வடியுங்கள், எண்ணெய் அதிலும் இருக்கிறது. அரை மணி ஊறவிட்டால் துவர்ப்பு ஏறி, குடிக்க முடியாது. ஜெர்மனியின் மூலிகை மருந்து நிபுணர் குழுவான கமிஷன் ஈ சொன்ன நாளளவு 4.5 கிராம், அதாவது மூன்று வேளை.

பசியின்மை, வயிற்று உப்புசம் இரண்டுக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு குடித்தால் நன்றாகவே கேட்கிறது. மாதவிலக்கு நாட்களின் லேசான இழுவலிக்கு வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். கடும் வலிக்கு இதை நம்பி இருக்க வேண்டாம். ஐரோப்பிய மருந்து முகமை இந்தப் பயன்களை ஏற்றிருப்பதும் நீண்ட காலப் புழக்கத்தை வைத்துத்தான், பெரிய மருத்துவ ஆய்வுகளை வைத்து அல்ல. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கிரேக்க வீரன் அகில்லீஸின் பெயரே இந்தச் செடியினத்துக்கு ஏறும் அளவுக்கு, ரத்தம் நிறுத்தும் பச்சிலை என்று பழம்புகழ். அதை நம்பிக் காய்ந்த பொடியைக் காயத்தில் அப்புவதுதான் பெரிய தவறு: தூசியும் கிருமியும் உள்ளே போகும். மேலோட்டமான சிராய்ப்பு என்றால் 250 மில்லி வெந்நீரில் 3 முதல் 4 கிராம் ஊறவைத்து, துணியில் வடித்து, ஆறியபின் சுத்தமான துணியை நனைத்து ஒற்றலாம். ஆழமான வெட்டுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைதான், டெட்டனஸ் தடுப்பான டி.டி. ஊசியும் கேளுங்கள்.

சாமந்தி அல்லது பார்த்தீனியம் பட்டால் அரிக்கிறவர்கள் தொடவே கூடாது. மூன்றும் ஒரே குடும்பம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்கவும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதப் பொட்டலம் தாங்காது. இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். மக்கிய வாடை வந்த சரக்கை வெயிலில் காயவைத்துத் திரும்ப எடுக்காதீர்கள். பூஞ்சை பிடித்தது பிடித்ததுதான், கொட்டிவிடுங்கள்.