மேரி கியூரியா, லிசே மைட்னரா?

வாழ்நாள் முழுக்க முன்மாதிரியாக வைத்துக்கொள்ள இந்த இரண்டு பெண் விஞ்ஞானிகளில் யார் என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இருவர் மேலும் தீராத மதிப்பு உண்டு.

தொடக்கம்
கியூரி: வார்சாவில் அன்று பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு, 1891-ல் பாரிஸ் போனார்.
மைட்னர்: 1907-ல் பெர்லின் வந்தார். சம்பளம் இல்லை. கீழ்த்தளத்துத் தச்சுப்பட்டறைதான் ஆய்வகம். பெண் என்பதால் மாடி ஆய்வகங்களுக்குள் போக முடியாது.

உழைப்பு
கியூரி: ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி, இரும்புக் கம்பியால் கிளறி, 1902-ல் பிரித்தெடுத்தது வெறும் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு, அதாவது கதிரியக்கத் தனிமமான ரேடியத்தின் உப்பு.
மைட்னர்: 1938-ல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடன் சேர்ந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் சமயம், சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்தவர், வழியில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒரு யுரேனிய அணுக்கரு பிளந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்!

அங்கீகாரம்
கியூரி: 1903, 1911 என இரண்டு நோபல்.
மைட்னர்: அணுக்கருப் பிளவுக்கான 1944 வேதியியல் நோபல், பெர்லினில் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ஓட்டோ ஹானுக்கு மட்டும். பெரிய அநியாயம் இது.

உடல்நலத்தில் மட்டும் கியூரியைப் பின்பற்ற வேண்டாம். அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருக்கிறது.

சரி, யாருக்கு யார்? பலன் தெரியாமல் நீண்ட வேலையில் இறங்கியிருப்பவர்களுக்குக் கியூரி. உழைத்தும் பெயர் கிடைக்காதவர்களுக்கு மைட்னர். அப்புறம், மனசாட்சியோடு போராடுகிறவர்களுக்கும் அவரேதான்: அணுகுண்டுத் திட்டத்துக்கு அழைத்தபோது முடியாது என்று சொன்னவர் அவர்.