லீக்கா, யூனியனா? இரண்டு ரக்பியையும் பல வருடம் பார்த்தவனின் அனுபவம்

சிட்னிக்குப் புதிதாக வந்து பரமட்டா, வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் குடியேறுகிற நம்மவர்கள் முதல் குளிர்காலத்திலேயே கேட்டுவிடுவார்கள்: “அண்ணா, இங்க ரெண்டு விதமான ரக்பி இருக்காமே, எதைப் பார்க்கிறது?” நான் கண்டியில் யூனியன் பார்த்து வளர்ந்தவன். சிட்னியின் மேற்கில் குடியேறிய பிறகு லீக் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறேன், இரண்டுக்கும் மாதச் சந்தா கட்டியிருக்கிறேன், இரண்டிலும் என் அணி தோற்பதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் பார்க்க லீக். வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் யூனியனுக்கு ஈடே கிடையாது. எந்த ஊரில் எது ஓடும் என்பதை முடிவுசெய்தது பெரும்பாலும் ஒரு கூலித் தகராறு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லீக்கில் ஒரு பக்கம் 13 பேர், யூனியனில் 15. இரண்டும் 80 நிமிடம். லீக்கில் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்துவது) வரை வாய்ப்பு. பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டிவிட வேண்டும். எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். ஆறாவது முறை பிடிபட்டால் பந்து கை மாறும் என்பதால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். யூனியனில் அந்தக் கணக்கே இல்லை. பிடிபட்டு விழுந்தாலும் ஆட்டம் நிற்காது, கீழே கிடக்கும் பந்துக்காக இரண்டு பக்கமும் மேலே ஏறித் தள்ளும். டிரைக்கு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) லீக்கில் 4 புள்ளி, யூனியனில் 5. பெனால்டி உதைக்கு லீக்கில் 2, யூனியனில் 3. இந்தக் கடைசி வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் யூனியன் பல நேரம் உதைக்கிறவன் கையில், அதாவது காலில், போய் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கபடி பார்த்துப் பழகியவருக்கு லீக் பத்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும்: ஒருவன் வருகிறான், மூன்று பேர் பிடித்து அமுக்குகிறார்கள், கோட்டைத் தாண்டினானா இல்லையா. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றுதான் யூனியன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் கொஞ்ச நாள் பார்த்தால் கண் வேறு இடத்துக்குப் போகும். பந்தை விடுங்கள், பிடிபட்டவன் எழும்புகிற அந்த மூன்று நான்கு விநாடியைப் பாருங்கள். அவனுக்குச் சட்டென்று எழுந்து பந்தை உருட்டிவிட வேண்டும். மேலே கிடக்கும் மூன்று பேருக்கும் அவசரமே இல்லை. ஒருவன் தோளை விடுவான், அடுத்தவன் இடுப்பை விடுவான், கடைசி ஆள் காலைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருப்பான். நடுவர் கத்துவார். அந்த ஒரு விநாடிக்குள் பின்னால் தடுப்பு வரிசை நேராகிவிடும். எழும்புகிறவன் முந்திவிட்டாலோ வரிசை இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கும், டேக்கிளுக்குப் பின்னால் நின்றவர் பந்தைப் பொறுக்கிக்கொண்டு நடுவால் புகுந்துவிடுவார். லீக்கில் பாதி ஆட்டம் இந்தத் திருட்டு விநாடியில்தான் நடக்கிறது.

2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு கிண்ணம் எடுத்த பென்ரித் அணியைப் பார்த்தால் இது விளங்கும். 2023 இறுதியாட்டத்தில் பிரிஸ்பேன் 24-8 என்று முன்னால் நின்றது. கடைசி இருபது நிமிடத்தில் நேதன் கிளியரி ஆட்டத்தை அப்படியே புரட்டி, வெற்றி டிரையையும் தானே அடித்து 26-24 என்று முடித்தார். என் பக்கத்தில் இருந்தவர் பிரிஸ்பேன் ஆள். முடிந்த பிறகும் எழும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு புள்ளி வித்தியாசத்தை இருபது நிமிடத்தில் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை லீக்கில்தான் வரும், ஏனென்றால் பந்து நிற்பதே இல்லை. 80 நிமிடத்தில் ஐம்பதுக்கும் மேல் பந்து உண்மையாகவே ஆடப்படும். பெரிய யூனியன் ஆட்டங்களில் அது சுமார் 35 தான்.

குறையும் உண்டு. 2020இல் வந்த ‘மறுபடி ஆறு’ விதிக்குப் பிறகு (பிடிபட்டவன் எழும்புகிற இடத்தில் எதிரணி தப்புச் செய்தால் பெனால்டிக்குப் பதில் டேக்கிள் எண்ணிக்கை திரும்பவும் பூச்சியத்தில் தொடங்கும்) ஓர் அணி களைத்துவிட்டால் எழும்பவே முடியாது. 40, 50 என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஆட்டங்களை உட்கார்ந்து பார்ப்பது கொடுமை. நாங்கள் பரமட்டா ஆட்கள், அந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அப்புறம், லீக்கில் ஸ்கிரம் (இரண்டு பக்கமும் குனிந்து பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது) என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதில் யாரும் தள்ளுவதில்லை. சும்மா குனிந்து நின்றுவிட்டு எழும்புவார்கள். ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே பார்த்துப் பழகிவிட்டேன்.

ஆனால் யூனியனில் ஸ்கிரம்தான் உயிர், சனியனும் அதுதான். எட்டுக்கு எட்டுப் பேர், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை டன்னுக்கு மேல். குனிவார்கள், பிணைவார்கள், சரிந்து விழுவார்கள். நடுவர் எழுப்புவார், பேசுவார், திரும்பக் குனிவார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாலும் அதே ஸ்கிரம் நிற்கும். வீட்டில் புதிதாகப் பார்ப்பவர்களை யூனியன் இழக்கிற இடம் இதுதான். “இப்ப யார் என்ன தப்புச் செய்தது?” என்று என் மனைவி கேட்டால் பாதி நேரம் எனக்கும் தெரியாது. பழைய முன்வரிசை ஆட்டக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

சரி, அப்படியானால் எதற்கு யூனியன்? 2023 உலகக் கிண்ண அரையிறுதியைச் சொல்கிறேன். பாரிஸ், மழை, இங்கிலாந்து 15-6 என்று முன்னால். தென்னாப்பிரிக்கா மாற்று வீரர்களாக வைத்திருந்த முன்வரிசையை இரண்டாம் பாதியில் இறக்கியது. அடுத்தடுத்த ஸ்கிரம்களில் இங்கிலாந்து பின்னால் போகத் தொடங்கியது. முதலில் ஓர் அடி, பிறகு தோள் வழுக்கியது, பிறகு முழங்கால். ஓக்ஸ் ந்சே என்ற அந்தப் பருத்த மனிதர் தள்ளி வாங்கிக்கொடுத்த கடைசிப் பெனால்டியை ஹாந்ரே போலார்ட் கிட்டத்தட்ட மைதானத்தின் நடுவிலிருந்து உதைத்தார். 16-15. லீக்கில் அலங்காரமாக நிற்கிற அதே ஸ்கிரம் இங்கே ஓர் அணியை உலகக் கிண்ண இறுதிக்கு அனுப்பியது. காலிறுதி 29-28, இறுதி 12-11, மூன்று ஆட்டத்திலும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். இறுதியில் தென்னாப்பிரிக்கா ஒரு டிரை கூட அடிக்கவில்லை, பன்னிரண்டும் போலார்டின் காலிலிருந்து வந்தவை. “இதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்று ஒரு லீக் நண்பர் அன்றைக்கே செய்தி அனுப்பினார். எனக்கு அந்த 80 நிமிடமும் மூச்சு விட நேரமில்லை.

இன்னொன்று, பந்தைத் திருடும் கலை. ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய டேவிட் போகொக் இதில் கெட்டிக்காரர் (இப்போது கான்பராவின் செனட்டர்). எதிராளி விழுந்த அடுத்த கணமே கால்களை அகட்டி, குனிந்து, பந்தின் மேல் கை வைத்துவிடுவார். மூன்று பேர் வந்து தோளால் இடித்தாலும் அசையமாட்டார். நடுவரின் கை இவர் பக்கம் உயரும் வரை அப்படியே நிற்பார். லீக்கில் தாக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை உத்தரவாதம் உண்டு. யூனியனில் ஒவ்வொரு முறை விழும்போதும் பந்து பறிபோகலாம். இந்தப் பயம்தான் யூனியனின் ருசி. அதைக் கண்டுகொள்ள எனக்குக் கண்டியின் பள்ளிக்கூடக் காலம் உதவியது. அங்கே திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் 1945 முதல் நடக்கும் பிரட்பி கேடயப் போட்டிக்கு ஊரே கிளம்பிவிடும். அந்தப் பின்னணி இல்லாமல் சிட்னியில் முதல் முறையாக யூனியன் பார்ப்பவரிடம் அதே பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இனி அந்தக் கூலிக் கதை. 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் லங்காஷயர், யார்க்ஷயர் கிளப்புகள் கூடி ரக்பிச் சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் கேட்டார்கள். காசுக்கு ஆடுவது கண்ணியம் இல்லை என்று தெற்கின் கனவான்கள் மறுத்தார்கள். கூலி கொடுக்க வேண்டுமானால் டிக்கெட் விற்க வேண்டும், டிக்கெட் விற்க வேண்டுமானால் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும். அதனால் பிரிந்தவர்கள் லைன்-அவுட்டை (வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவில் எறிவது) நீக்கினார்கள், 1906இல் ஆட்களை 13 ஆக்கினார்கள், பிடிபட்டவன் எழுந்து பந்தை உருட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். வாராவாரம் பார்க்க லீக் என்று நான் மேலே சொன்னதன் வேர் இதுதான். அது பார்வையாளனின் காசை நம்பி உருவாக்கப்பட்ட ஆட்டம்.

சிட்னியிலும் அதே கதை. 1907இல் அலெக் பர்டன் என்ற வீரர் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தபோது சங்கம் நட்ட ஈடு கொடுக்கவில்லை. அதே வருடம் இங்கே லீக் பிறந்தது. அதற்கான ஆரம்பக் கூட்டங்கள் நடந்தது கிரிக்கெட் மேதை விக்டர் ட்ரம்பரின் விளையாட்டுச் சாமான் கடையில். அவரே பொருளாளராகவும் இருந்தார். யூனியன் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க ஒத்துக்கொண்டது 1995 ஆகஸ்டில், முழுதாக நூறு வருடம் கழித்து. அதற்குள் சிட்னியின் தொழிலாளர் புறநகர்கள் எல்லாம் லீக் பக்கம் போய்விட்டன. யூனியன் வடகரையிலும் கிழக்கிலும் கட்டணப் பள்ளிகளிலும் தங்கியது. எங்கள் பரமட்டாவிலேயே பாருங்கள், 1831இல் தொடங்கிய கிங்ஸ் பள்ளியில் யூனியன். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள மைதானத்தில் லீக்.

ஆனாலும் இதை வர்க்கக் கணக்காக மட்டும் போட்டால் தப்பு. வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர்கள் யூனியன்தான் ஆடினார்கள். நியூசிலாந்தில் பண்ணையாள் முதல் பிரதமர் வரை யூனியன். பிரான்சில் நல்ல வளர்ச்சியில் இருந்த லீக்கை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு அடங்கி நடந்த விஷி அரசு தடை செய்து சொத்தையும் பறித்தது. அங்கே அது இன்றும் தெற்கில் ஒரு மூலையில்தான் இருக்கிறது. பப்புவா நியூ கினியிலோ லீக் தேசிய விளையாட்டு. 2028இல் அவர்களுக்கு ஆஸ்திரேலியப் போட்டித் தொடரில் ஓர் அணி கிடைக்கிறது. இதையும் பசிபிக்கின் லீக்கையும் சேர்த்துக் கான்பரா அரசு பத்து வருடத்துக்கு 60 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. சீனாவைப் பக்கத்தில் வரவிடாமல் வைக்கத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உலகம் முழுக்க எண்ணினால் யூனியன்தான் பெரிது, சந்தேகமே இல்லை. ஒலிம்பிக்கில் எழுவர் யூனியன் இருக்கிறது. ஃபிஜி 2016இல் வாங்கிய தங்கம் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்று வந்தால் லீக்கின் பக்கத்தில் யூனியன் நிற்க முடியாது. ஜூனில் ஒரு புதன்கிழமை இரவு இந்த இரண்டு மாநிலமும் லீக்கில் மோதும் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ நடக்கும்போது தெருவில் இறங்கிப் பாருங்கள், கார் குறைவாக ஓடும். முன்பு வீரர்கள் எந்த மாநிலக் கிளப்பில் ஆடினார்களோ அந்த மாநிலத்துக்கே ஆடினார்கள். சூதாட்ட எந்திரக் காசில் கொழுத்த சிட்னி கிளப்புகள் குயின்ஸ்லாந்துப் பிள்ளைகளை வாங்கி, அவர்களைக் கொண்டே குயின்ஸ்லாந்தை அடித்தன. 1980இல் சொந்த மாநிலத்துக்கே ஆடலாம் என்று மாற்றினார்கள். பிரிஸ்பேனில் 35 வயது ஆர்தர் பீட்சன் தலைமையில் குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. பரமட்டா கிளப்பில் தன்னோடு ஆடியவரும் அன்று எதிரணியில் நின்றவருமான மிக் குரோனினை அவர் மோதியது இன்றும் பேசப்படுகிறது.

ஆஸ்திரேலிய யூனியனின் உச்சம் 2003. சிட்னியில் உலகக் கிண்ண இறுதி, எண்பதாயிரத்துக்கு மேல் கூட்டம், கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் தன் பலவீனமான வலது காலால் அடித்த டிராப் கோலில் (பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது கம்பத்துக்கு உதைப்பது) தோல்வி. அதே வருடம் நியூசிலாந்திடம் பறிகொடுத்த பிளெடிஸ்லோ கிண்ணம் அதன் பின் திரும்பவே இல்லை. 2023இல் முதல் முறையாகக் குழு ஆட்டத்திலேயே வெளியேற்றம், அடுத்த வருடம் மெல்பர்ன் ரெபல்ஸ் என்ற யூனியன் அணி மூடல். ஆனால் 2025இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் அணி வந்தபோது மெல்பர்னில் 90,307 பேர் திரண்டார்கள். இந்த நாட்டில் யூனியன் செத்துவிட்டது என்பவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லுவேன். கிளப் ஆட்டத்துக்கு ஆள் வராது, தேசத்தின் ஆட்டத்துக்கு வருவார்கள்.

கைக்காசு விஷயம். லீக்கில் ஆரிஜின், இறுதியாட்டம், வாரத்துக்குச் சில ஆட்டங்கள் இலவசத் தொலைக்காட்சியிலேயே வரும். யூனியனின் வாராந்தர ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் தனிச் சந்தா வேண்டும். நான் மார்ச்சில் கட்டுவேன், டெஸ்ட் (நாடுகள் மோதும்) ஆட்டங்கள் முடிந்ததும் நிறுத்திவிடுவேன். பிள்ளையைச் சேர்ப்பதென்றால் உடம்பைப் பாருங்கள். யூனியனில் குண்டுப் பையன், ஒட்டடைக்குச்சி, குள்ளன் எல்லோருக்கும் ஓரிடம் உண்டு. லீக்கில் எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் பிடிக்க வேண்டும். எங்கள் மேற்கில் சமோவா, தொங்கா வழிப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே என் தோளுக்கு நிற்பார்கள், வயதுப் பிரிவை மட்டும் நம்பிப் பையனை இறக்காதீர்கள். தலைக்காயத்தில் இரண்டு ஆட்டமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

பரமட்டா கடைசியாகக் கிண்ணம் வென்றது 1986இல், ஒரு டிரை கூட இல்லாமல் 4-2 என்று. 2022இல் இறுதி வரை போய் பென்ரித்திடம் 28-12 என்று தோற்றோம். இந்தச் சங்கடம் வேண்டாம் என்றால் வேறு அணி பாருங்கள். மைதானம் மட்டும் அருமை: 2019இல் திறந்தது, 30,000 இருக்கை, எங்கே உட்கார்ந்தாலும் டேக்கிள் சத்தம் கேட்கும். லீக்கை அங்கே நேரில் தொடங்குங்கள். யூனியனுக்கு 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு வரும் உலகக் கிண்ணம் போதும். சின்ன நாடுகள் மோதும் குழு ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்து, முன்வரிசைக்கு நேராக உட்கார்ந்து பாருங்கள்.