பழைய போன் வாங்குகிறவர்களுக்குச் சஞ்சார் சாத்தி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆன்லைனில் பழைய போன் பார்க்கிறீர்கள் என்றால், காசு கொடுப்பதற்கு முன்னால் அதன் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணை, சஞ்சார் சாத்தியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் கொண்டுவந்த சேவை இது, கட்டணம் எதுவும் கிடையாது. எங்கள் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமெல்லாம் காலேஜ் பிள்ளைகள் நிறையப் பேர் கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட் போன்தான், ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை, திருட்டு போனை வாங்கிவிட்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பெற்றவர்களோடு நிற்கும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

செய்வது சுலபம். போனில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வெப்சைட்டிலும் பார்க்கலாம், உங்கள் நம்பருக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் ஆப்பும் வந்துவிட்டது. அந்த ஆப் எல்லாப் புதுப் போனிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டு, எதிர்ப்பு வந்ததும் 2025 டிசம்பரில் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், அது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆப் போட மனசில்லாதவர்கள் போட வேண்டாம், எஸ்எம்எஸ்ஸே போதும்.

பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த போன் வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால் இதில் உள்ள பெரிய நன்மையே வேறு. அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கு உரியது என்றும் காட்டும். பொய் பேசுகிற ஆள் மாட்டுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அக்கா பையனுக்காக ஒரு சாம்சங் போன் பார்த்தோம், விலை நன்றாகவே குறைத்துப் போட்டிருந்தது. விற்கிறவர் மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணே, இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க, ஆயிரம் ரூவா மட்டும் அட்வான்ஸ் போட்டு விடுங்க, உங்களுக்கே எடுத்து வைக்கிறேன்” என்றார். “காசு நேர்ல தர்றேன் தம்பி, மொதல்ல ஐஎம்இஐ ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு அனுப்புங்க” என்றேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு படம் வந்தது. மேல்பாதி வெட்டியிருந்தது, ஒரே ஒரு எண்தான் தெரிந்தது. போட்டுப் பார்த்தால் சாம்சங்கே இல்லை, வேறொரு கம்பெனியின் பட்டன் போன். கேட்டதற்கு, “சர்வீஸ்ல போர்டு மாத்துனதுண்ணே, அதான்” என்றார். போர்டு மாற்றினாலும் அந்த மாடலுக்கான போர்டைத்தானே மாட்ட முடியும், பட்டன் போன் போர்டு இதில் எப்படி உட்காரும்? அதைக் கேட்டதும் லைன் கட். கொஞ்ச நேரத்தில் விளம்பரமும் காணவில்லை. ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம், அதைத் துணிந்து செய்கிறவர்கள் அட்வான்ஸை மட்டும் ஒழுங்காகத் திருப்பித் தருவார்களா?

எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தூக்குவாளி வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விளிம்பைத் தடவி, அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். போனில் அப்படித் தட்டிப் பார்க்க இருப்பது இந்த 15 இலக்கம்தான். இரண்டு எண்ணையும் பாருங்கள், அப்புறம் பாக்ஸிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

சரி, இதில் எல்லாமே தெரிந்துவிடுமா என்றால் தெரியாது. தொலைத்தவர் போலீசில் புகார் கொடுத்து, பிளாக் செய்யச் சொல்லி விண்ணப்பம் போட்ட பிறகுதான் அந்த எண் பிளாக்லிஸ்டுக்குப் போகும். நேற்று திருடிய போன் இன்றைக்குச் சுத்தமாகவே காட்டலாம். அதனால் பில் இல்லாத போனை நான் தொடுவதே இல்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. இஎம்ஐ பாக்கி இருக்கிற போனும் இதில் தெரியாது, தவணை கட்டாவிட்டால் பைனான்ஸ்காரர்கள் போனையே லாக் செய்துவிடவும் கூடும். செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் என்று தேடி, அங்கே பைனான்ஸ் சம்பந்தமான ஆப் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விற்கிறவரின் ஜிமெயிலோ ஆப்பிள் ஐடியோ உள்ளே இருந்தால் அதுவும் பிரச்சினைதான். அவரையே உங்கள் கண் முன்னால் அக்கவுண்டை எடுத்து, ரீசெட் போடச் சொல்லுங்கள், திரும்ப ஆன் ஆகி முகப்புத் திரை வரும்வரை காசை எடுக்காதீர்கள். பழைய அக்கவுண்டின் பாஸ்வேர்டு கேட்டு நின்றால் அந்த போன் உங்களுக்கு உதவாது. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் மாடல் நம்பரைப் பாருங்கள். முதல் எழுத்து எம் (M) என்றால் கடையில் புதிதாக விற்றது, எஃப் (F) என்றால் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்றது, என் (N) என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. ‘புதுசா வாங்குனதுண்ணே’ என்று சொல்கிறவர் போனில் எஃப் இருந்தால் அவர் மற்றதையெல்லாம் உண்மையாகச் சொல்வார் என்று எப்படி நம்புவது? ஐபோன் 12-க்கு மேல் என்றால் அதே பக்கத்தில் டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றிய விவரமும் வரும்.

லேப்டாப்புக்கு இந்தச் சேவை கிடையாது, அது ஒரு குறை. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் இருந்த டிசைன் கெப்பாசிட்டியையும் இப்போதைய ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி, ‘மூணு மணி நேரம் நிக்கும்’ என்ற பேச்சையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள்.

ராணுவ உடுப்பில் போட்டோவும் ஐடி கார்டும் அனுப்பி, ‘டிரான்ஸ்பர் ஆயிருச்சு, கூரியர்ல அனுப்பி வைக்கிறேன்’ என்று பேசுகிறவர்களுக்கு ஐஎம்இஐ எல்லாம் பார்க்கவே வேண்டாம், பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். நாடு முழுக்க நடக்கிற பழைய மோசடி அது, ராணுவத்தின் மேல் நமக்குள்ள மதிப்பை வைத்தே ஏமாற்றுகிறார்கள், எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பினாலும் ஸ்கேன் செய்யாதீர்கள், யுபிஐயில் நமக்குக் காசு வருவதற்கு ஸ்கேனோ பின் (PIN) நம்பரோ தேவையே இல்லை. காசு போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

என் கணக்கில் சஞ்சார் சாத்திக்கு ஐந்துக்கு நான்கு. பொருளைப் பார்ப்பதற்குப் புதிய பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு வரச் சொல்லுங்கள், செக்காலை ரோட்டில் உங்களுக்குத் தெரிந்த சர்வீஸ் கடை இருந்தால் அங்கேயே வரச் சொல்லலாம். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு தாளில் இரண்டு ஐஎம்இஐ எண், தேதி, தொகை, விற்கிறவர் பெயர் எழுதி, அவர் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொண்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.